80இல் தொடங்கி 95இல் அடங்கும் உதறல்

மேலூரைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறியதும் அப்பா பின்சீட்டிலிருந்து கேட்பார்: "ஆத்தா, எண்பதைத் தொடப் போறியா?" ஆமாம் என்றால் தலையணையை இழுத்து இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொள்வார். மாதம் ஒரு தடவை காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிறோம், அவருடைய முதுகுத்தண்டைக் காட்டுவதற்காக. 35 வருடம் குத்தவைத்து உட்கார்ந்து தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த முதுகு அது. வேகமுள் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கத் தொடங்கும். 85இல் டேஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையாரும் சேர்ந்து ஆடுவார். 95ஐத் தாண்டினால் எல்லாம் அடங்கிவிடும். ஏழு மாதம் இப்படித்தான் ஓட்டினேன். அந்த ஏழு மாதத்தில் ஏறி இறங்கிய கடைகளில் எனக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்று: "எழுபதுலயே போங்கம்மா, பழைய வண்டின்னா அப்படித்தான்."

அந்த வார்த்தை மேல் எனக்கு வந்த கோபம் வண்டி சரியான பிறகும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ச்சல் வருகிறது என்று ஒருவர் சொன்னால், நல்ல மருத்துவர் அந்த நாலு மணியைத்தான் முதலில் குறித்துக்கொள்வார். 80இல் தொடங்குகிறது, 95இல் நிற்கிறது என்பது என் வண்டி தன்னைப் பற்றிச் சொன்ன மிகத் துல்லியமான தகவல். அதைக் கேட்டுவிட்டு அந்த வேகத்துக்கே போகாதே என்பது, அந்தத் தகவலைத் தூக்கிக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

நான் வாங்குவதற்கு முன் வண்டி கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் நின்றது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்திக் கலியாணம் என்று ஏதாவது விசேஷம் வந்தால்தான் முகப்புக் கதவு திறக்கும். அந்த வீட்டில் பழுதான தளத்துக்குக் கல் மாற்ற அப்பா போயிருந்தபோது பார்த்த கார் அது. இரண்டு வருடமாக அசையவில்லை. வாட்ச்மேன் வாரம் ஒருநாள் இன்ஜினை மட்டும் போட்டு அணைத்திருக்கிறார், அதனால் இன்ஜின் நன்றாக இருந்தது. சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. வாங்கியவுடன் ஊரில் ஒரு பட்டறையில் விட்டேன். முன் பிரேக் டிஸ்க் (பிரேக் பிடிக்கிற இரும்புத் தட்டு) இரண்டும் துருவேறித் தின்னப்பட்டிருந்ததால் புதிது போட்டார்கள். பேட்டரி, ஆயில், பெல்ட் எல்லாம் மாற்றினார்கள். அதன் பிறகு முதல் மதுரைப் பயணத்திலேயே உதறல் வந்துவிட்டது. அதற்கு முன் அந்த வண்டியை நான் ஐம்பதுக்கு மேல் ஓட்டியதே இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது என்று எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று.

எண்பது என்ற எண்

கணக்காகப் பார்த்தால் இது மிக எளிமை. என் வண்டிக்கு 14 அங்குலச் சக்கரம். ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 85 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 23.6 மீட்டர், அதாவது சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் 20 கிராம் கனம் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விசையாக ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை அச்சைப் பிடித்து இழுக்கும். வேகம் இரட்டிப்பானால் அந்த விசை நான்கு மடங்காகும். அதனால்தான் 40இல் அதே 20 கிராம் இருப்பதே தெரியாது.

அப்படியென்றால் 95க்கு மேல் இன்னும் மோசமாகத்தானே ஆக வேண்டும்? ஏன் அடங்குகிறது? என்னை அதிக நாள் குழப்பியது இந்தக் கேள்விதான். ஊஞ்சலை நினைத்துக்கொண்டபோது புரிந்தது. ஊஞ்சலுக்கு அதன் தாளம் ஒன்று இருக்கிறது. அந்தத் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் ஒரு விரல் போதும், உயர உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் முழு பலத்தோடு தள்ளினாலும் ஏறாது. டயர், ஸ்பிரிங், சஸ்பென்ஷன் இவற்றோடு சேர்ந்து தொங்குகிற சக்கரமும் ஓர் ஊஞ்சல்தான். கார்களில் அதன் தாளம் பொதுவாக விநாடிக்குப் பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் இருக்கும். சக்கரம் சுற்றும் எண்ணிக்கை அந்தத் தாளத்தைத் தொடுகிற வேகம்தான் எண்பதும் தொண்ணூறும். தாண்டிவிட்டால் குறை அப்படியே இருக்கும், நம் கைக்குத்தான் தெரியாது. இன்ஜின் விநாடிக்குச் சுற்றுவது நாற்பது தடவை போல. அதன் நடுக்கம் 'விர்ர்' என்று உள்ளங்கையில் கூசும். எனக்கு வந்தது எண்ணிவிடலாம் போன்ற 'தடதட'. ஆகவே சுற்றுகிற சக்கரத்தோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

நான் செலவழித்த வரிசை

முதலில் டயர். இரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும், அதுதான் அடிக்கிறது என்றார் டயர்க் கடைக்காரர். நியாயமான சந்தேகம்தான். டயரின் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படிக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார்: முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். எப்படியும் வயதான டயர்கள் என்பதால் நான்கையும் மாற்றினேன். 22,000 ரூபாய் ஆயிற்று. உதறல் போகவில்லை.

அப்புறம் வீல் பேலன்சிங். மெஷினில் சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு, எங்கே எத்தனை கிராம் வேண்டும் என்று பார்த்து ரிம்மில் எடைக்கட்டியை அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டு பக்கமும் சைபர் வரும். நான்கு தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் உதறல் கொஞ்சம் மாறும். ஒரு தடவை பாதியாகக் குறைந்தது, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த தடவை முன்பைவிட மோசம். பேலன்சிங் நிற்க மாட்டேன் என்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எடைக்கட்டி விழாமல் பேலன்சிங் தானாக எப்படிக் கெடும் என்று யோசிக்கவில்லை.

மூன்றாவது அலைன்மென்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் உதறல் என்றாலே அலைன்மென்ட் பார்க்கச் சொல்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்கிற விஷயம். அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். தேய்ந்த டயர் பிற்பாடு அடிக்கலாம். கோணம் மட்டும் தப்பியதற்காக ஒரு புதிய டயர் எண்பதில் தடதடக்காது. மூன்று தடவை அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுத்தபோது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு பட்டறையில், இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட் போயிருக்கும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் தள்ளிப்போட்டேன். வாடகைக் கார் ஓட்டும் என் அத்தை மகனிடம் சொன்னபோது அவன்தான் இரண்டு சோதனை சொன்னான். ஒன்று, ஆளில்லாத நேரான ரோட்டில் 90க்குப் போய், இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டு உருளவிட வேண்டும். உதறல் உடனே மாறினால் இன்ஜின் பக்கம் அல்லது ஷாஃப்ட் பக்கம் பார்க்கலாம். அப்படியே இருந்தால் சக்கரப் பக்கம். அதிகாலையில் போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. இரண்டாவது, முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட வேண்டும். குறை சக்கரத்தில் இருந்தால் உதறல் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போய்விடும். மாற்றினேன். உதறல் ஸ்டியரிங்கிலேயே நின்றது. சக்கரத்தோடு சுற்றுகிறது, ஆனால் சக்கரத்தில் இல்லை. எழுதிவைத்துக்கொண்டு இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லித்தான் தேவகோட்டை ரஸ்தா பக்கம் வேப்பமரத்தடியில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று அப்பாவும் கூட வந்தார்.

அதுக்கு முன்னாடி?

அங்கே இருந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது. சிறுவயதில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துவிட்டுக் காருக்கு வந்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பானெட்டைத் திறக்கவில்லை, ஜாக்கியை எடுக்கவில்லை. "வாம்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். நீயே ஓட்டு" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஏழு மாதத்தில் என்னோடு வண்டியில் உட்கார்ந்து வந்த முதல் மெக்கானிக் அவர்தான். அதுவரை எல்லோரும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஓடும்போது வருகிற நோயைப் பார்த்தார்கள். ராமநாதபுரம் ரோட்டில் 85க்கு வந்ததும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட்டார். "இப்ப மெள்ள பிரேக்கை மிதி. காலுல ஏதாவது தட்டுதா?" என்றார். அதுவரை நான் கவனித்ததே இல்லை. லேசாக, மிக லேசாக, பெடல் காலடியில் தட்டியது. ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில்தான் கேட்டார்: "இந்த அடி வர்றதுக்கு முன்னாடி வண்டியில கடைசியா எதைக் கழட்டுனாங்க?" நான் டயர் என்றேன். "அடி வந்த பொறகுதானேம்மா டயர் மாத்துனே? அதுக்கு முன்னாடி?" பேட்டரி, ஆயில் என்று சொல்லிக்கொண்டே வந்து, பிரேக் டிஸ்க் என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. பழைய வண்டி, நின்ற வண்டி என்று ஏழு மாதமாக அந்தக் கொட்டகையையும் அந்த இரண்டு வருடத்தையும் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். உதறலோடுதான் வண்டி என் கைக்கு வந்ததா என்பதை யாரும் சோதிக்கவில்லை, நானும் சோதிக்கவில்லை. நான் அதை வேகமாக ஓட்டியது எல்லாமே அந்த முதல் ரிப்பேருக்குப் பிறகு. நோய் வந்த நாளைத் தப்பாகக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முன் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடித்தார். சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கிற அதே முறை. சாக்பீஸ் ரிம் முழுக்கப் படவில்லை, ஒரு கால்வாசியில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. சக்கரத்தைக் கழற்றி, நூலிழை அசைவையும் முள்ளில் காட்டுகிற, ஸ்டாண்டு வைத்த டயல் கேஜின் முனையை டிஸ்க்கில் தொடவைத்துச் சுற்றினார். முள் 0.3 மில்லிமீட்டர் போய்வந்தது. பெரும்பாலான கார்களுக்கு அது 0.1க்குள் நிற்க வேண்டும். டிஸ்க்கே ஏறக்குறைய புதிது, அது கோணலாக இருக்காது என்று சொல்லிக்கொண்டே டிஸ்க்கைத் தட்டிக் கழற்றினார். டிஸ்க்கும் சக்கரமும் வந்து உட்காருகிற ஹப்பின் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் பழைய துரு பொருக்காகத் திரண்டு, கறுத்து, கல் மாதிரி இறுகியிருந்தது. நடுவே சக்கரம் வந்து உட்காருகிற வளையத்திலும் அதே பொருக்கு. அதன் மேல்தான் பளபளக்கும் புது டிஸ்க்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் தூணுக்குள் கம்பி துருப்பிடித்தால் தூணே வெடிப்பது அதனால்தான். 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் ஊரில் இருக்கிறது. உலோகம் அரிப்பது அங்கே பெரிய ஆராய்ச்சி. அந்த மதில் சுவரை ஒட்டித்தான் ஏழு மாதமும் இந்தப் பொருக்கைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்தால் அதன் மேல் மாட்டுகிற சக்கரமும் சாயும். டிஸ்க் ஓரத்தில் 0.3 மில்லிமீட்டர் என்பது டயர் ஓரத்துக்கு வரும்போது இரண்டு மடங்குக்கும் மேல். நடு வளையத்தின் பொருக்கு சக்கரத்தை மையத்திலிருந்து நகர்த்தியும் வைத்துவிடும். டயரோடு சேர்த்து 15 கிலோ எடையுள்ள சக்கரம் மையத்திலிருந்து 0.4 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, ரிம்மில் முப்பது கிராமுக்கு மேல் எடைக்கட்டியை ஒரு பக்கம் ஒட்டியது போல ஆகிவிடும். மெஷினில் சைபர் காட்டிய சக்கரம் வண்டியில் ஏறியதும் சைபராக இருக்காது. மெஷின் பொய் சொல்லவில்லை, அது இந்த ஹப்பைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பேலன்சிங்குக்குப் பிறகும் உதறல் ஏன் மாறியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது எந்த போல்ட்டில் எந்தத் துளை வருகிறது என்பதைப் பொறுத்து, சக்கரத்தில் மிச்சமிருக்கிற சின்னக் குறையும் ஹப்பின் சாய்வும் ஒரு தடவை கூடும், ஒரு தடவை கழியும். பாதியாகக் குறைந்தது என்று நான் சந்தோஷப்பட்ட அந்த நாளில், சக்கரம் தற்செயலாக நல்ல துளையில் மாட்டியிருக்கிறது.

அப்பா வண்டியை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். குனிய முடியாது. பெரியவர் டிஸ்க்கை அவர் கையில் கொடுத்து ஹப்பைக் காட்டினார். அப்பா டிஸ்க்கின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "அடியில பொருக்கு. மேல எவ்வளவு நல்ல கல்லை வச்சாலும் ஆடத்தான் செய்யும்" என்றார். ஆத்தங்குடிக் கல்லின் மேல்முகம் கண்ணாடித் தகட்டில் வார்த்தது, அதில் குறை வராது. சூளையும் இல்லை, தண்ணீரில் ஊறியே இறுகுகிற கல். அப்பா சோதிப்பது எப்போதும் பின்முகத்தையும் தரையையும்தான். ஒரு கல் பதிப்பதற்கு முன் கரணையால் சுரண்டி, துடைப்பத்தால் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பதித்த பிறகு கட்டைப்பிடியால் தட்டிச் சத்தம் கேட்பார். ஒரு மணல் பருக்கை அடியில் சிக்கினாலும் சத்தம் மாறும் என்பார். அவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு என்னை மறந்துவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். ஹப்பின் முகம் வெள்ளி நிறத்துக்கு வரும்வரை தேய்த்தார். டிஸ்க்கின் பின்பக்கமும், ரிம்மின் பின்பக்கமும் அதே மாதிரி. இடது பக்கத்திலும் கொஞ்சம் இருந்தது, அதையும் எடுத்தார். திரும்ப மாட்டி டயல் கேஜ் வைத்தபோது முள் 0.04க்குள் நின்றது. நட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எதிரும் புதிருமாகக் கையால் ஏற்றி, கீழே இறக்கிய பிறகு ஸ்பானரால் இறுக்கினார். ஏர் கன்னால் ஒரே மூச்சில் ஒரு பக்கமாக இறுக்கினால், சுத்தமான ஹப்பில்கூடச் சக்கரம் சாய்ந்து உட்காரும் என்றார். பேலன்சிங் கடைக்கு ஒரு தடவை மட்டும் போகச் சொல்லி, அங்கே செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார்: மெஷினில் சைபர் வந்ததும் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி மாட்டிச் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போதும் சைபருக்குப் பக்கத்தில் வந்தால்தான் அந்த மெஷின் சக்கரத்தை நடுவில் பிடித்திருக்கிறது. கடையில் இதைக் கேட்டபோது பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் செய்தான். முதல் தடவை 15 கிராம் காட்டியது. ரிம்மின் பின்னால் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினான். சைபருக்குப் பக்கத்தில் வந்தது.

டிஸ்க் போட்ட பட்டறைக்கும் போனேன். சண்டை போட நினைத்துத்தான் போனேன். முதலாளி போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற பையன் போனைக் கேட்டு வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "நான்தான்க்கா மாட்டுனேன்" என்றான். "துணியால துடைச்சேன். கம்பி பிரஷ் போடணும்னு யாரும் சொல்லலை." வயது பத்தொன்பது, இருபதுதான் இருக்கும். என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. டயல் கேஜ் வைத்துப் பார்த்ததை அவனுக்குச் சொன்னேன். முள் எவ்வளவு காட்டியது என்று கேட்டு, தேய்த்த பிறகு எவ்வளவு என்றும் கேட்டான்.

போன வாரம் மதுரை போனோம். 80, 85, 90. ஸ்டியரிங் என் கையில் சும்மா இருந்தது. அப்பா தலையணையை எடுக்கவில்லை, மேலூர் தாண்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. பெடலில் மட்டும் அந்தத் தட்டல் இன்னும் லேசாக இருக்கிறது. ஏழு மாதம் சாய்ந்து சுற்றிய டிஸ்க், பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசி அங்கே மெலிந்துவிட்டது. நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் மெலிந்தாலே காலுக்குத் தெரிந்துவிடுமாம். கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவ முடியுமா, வேறு வாங்க வேண்டுமா என்று பெரியவர் அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.